பிள்ளை கிடந்து எழும்பின தொட்டில்

1

மகள் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் இரண்டு தடவை எழும்பிப்போய் அவளுடைய அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் படுக்கையறையின் ஒரு மூலைதான். அங்கே ஒரு தொட்டில், இழுத்துத் திறக்கிற மூன்று லாச்சி வைத்த சின்ன அலுமாரி, அதன்மேல் அடுக்கி வைத்த துணிகள். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கப்போகிற ஒரு மனிதன் வெறும் தொட்டிலைப் போய்ப் போய்ப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், இவனுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றுதான் சொல்வீர்கள். பிடித்துத்தான் விட்டது.

நான் மன்னாரில் பேசாலை. மனைவி ஜெனிற்றா அதே மன்னாரில் வங்காலை. இருவரும் இப்போது இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில், குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காத ஒரு மீன்பிடிப் பட்டினத்தில். மீன் மணமே வேண்டாம் என்று சொல்லிப் பேசாலையிலிருந்து வெளிக்கிட்டவன், பதினொரு வருடமாக இங்கே மீன் தொழிற்சாலையில் நிற்கிறேன். ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் "அங்க என்ன வேலை?" என்று கேட்டால், "அதே வேலைதான், கையுறை மட்டும் கூட" என்று சொல்வேன்.

இந்தத் தொட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும்போல இருக்கிறது. தொட்டில் வாங்க என்ன கதை, கடைக்குப் போனால் முடிந்தது என்பீர்கள். நாங்களும் ஒருமுறை அப்படித்தான் போனோம்.

2

அது மூன்று வருடத்துக்கு முன்னால். ஜெனிற்றாவுக்கு ஆறாம் மாதம். எங்கள் இருவருக்கும் தலைகால் தெரியாத சந்தோசம். பெரிய தளபாடக் கடைக்குப் போய் தொட்டில், மெத்தை, விரிப்பு, பம்பேர்ஸ் மாற்றுகிற மேசை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினோம். நான் திருப்புளியும் கையுமாக இரண்டு நாள் நிலத்தில் கிடந்து எல்லாவற்றையும் பூட்டினேன். ஜெனிற்றா கடைசியாக ஒரு வெள்ளைப் போர்வை எடுத்தாள். ஓரத்தில் நீல நூலால் சின்னச் சின்ன மீன்கள் தைத்திருந்தது. மீனை விட்டால் உமக்கு வேறொன்றும் கண்ணில் படாதோ என்று கேலி செய்தேன்.

ஏழாம் மாதத்தில் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. மகன். அன்று பின்னேரம் முழுவதும் அவனை எங்களிடம் தந்திருந்தார்கள். அந்தப் போர்வையில் சுற்றி ஜெனிற்றா மடியில் வைத்திருந்தாள். இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு வராது.

ஒரு மாதம் கழித்து, அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் கழற்றிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. "திருப்பித் தருவதற்கான காரணம்" என்று ஒரு கேள்வி. அளவு பொருந்தவில்லை, பழுது, மனம் மாறிவிட்டது என்று மூன்று பெட்டிகள். நான் கொஞ்சநேரம் பேனையோடு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "மனம் மாறிவிட்டது" என்ற பெட்டியில் கோடு போட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

போர்வையை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. எறியவும் மனமில்லை. கட்டடத்தின் நிலவறையில் எங்களுக்கென்று ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. அங்கே கார் ரயர்களுக்குப் பின்னால், ஒரு பழைய பயணப்பெட்டிக்குள் வைத்தேன். ஜெனிற்றாவுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

3

இந்தத் தடவை எட்டாம் மாதம் தொடங்கியதும் மருத்துவிச்சி ஒரு தாளைத் தந்தாள். சின்னப் பெண், முகம் முழுக்கச் சிரிப்பு. தொட்டிலின் மரக்கம்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம், மெத்தை எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும், தலையணை கூடவே கூடாது, போர்வைக்குப் பதிலாகப் பிள்ளையைப் போட்டுத் தூங்கவைக்கிற துணிப்பை என்று எல்லாம் அதில் இருந்தது. "எல்லாம் நன்றாக இருக்கிறது. இனி நீங்கள் சாமான் வாங்கலாம்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே துள்ளவேண்டும்போல இருந்தது.

காருக்குள் ஏறியதும் ஜெனிற்றா சொன்னாள்: "இஞ்சருங்கோ, கடைக்குப் போறேல்லை."

"பின்ன பிள்ளையை எங்க வளத்திறது?"

"தொட்டில் வேணும். ஆனா ஒரு பிள்ளை கிடந்து எழும்பின தொட்டிலா வேணும். அந்தப் பிள்ளை இப்ப நல்லா இருக்கோணும். அதை நான் என்ர கண்ணால பாக்கோணும்."

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் யாரும் தொட்டிலைக் கடையில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வரும். ஜெனிற்றாவின் வீட்டில் நாலு பிள்ளைகளும் கிடந்தது மன்னார்த் தாராபுரத்தில் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து வந்த தொட்டிலில். மாமாவிடம், அதாவது அவளுடைய அப்பாவிடம், மீன் எடுக்கிற வியாபாரி ஒருவர், தன்னுடைய ஆறு பிள்ளைகளும் கிடந்தது என்று சொல்லி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாராம். நாலு பிள்ளையும் வளர்ந்தபிறகு அது அடுத்த தெருவுக்குப் போனது. பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுகிற சட்டையும் அப்படித்தான், நன்றாக வளர்ந்த பிள்ளை ஒன்று போட்டுக் கழித்ததாக இருக்கவேண்டும்.

"நீர் உதுகளை நம்புறீரோ?" என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"நம்புறனோ இல்லையோ எனக்குத் தெரியாது. புதுசா வாங்கிப் பூட்டின தொட்டிலை நான் ஒருக்கா பாத்திட்டன். இன்னொருக்கா பாக்க ஏலாது. அவ்வளவுதான்."

காரைத் திருப்பி வீட்டுக்கு விட்டேன்.

4

பழைய சாமான் விற்கிற இணையத்தளத்தில் தேடத் தொடங்கினேன். இந்த ஊரில் தொட்டிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் என் கேள்விக்குப் பதில் சொல்லுகிறவர்களுக்குத்தான்.

"தொட்டில் இன்னும் இருக்கிறதா?" என்று எழுதுவேன். "இருக்கிறது" என்று உடனே பதில் வரும். "அதில் கிடந்த பிள்ளை இப்போது சுகமாக இருக்கிறாரா?" என்று எழுதுவேன். அதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு பெண் "இது என்ன கேள்வி?" என்று கேட்டாள். இன்னொருத்தர் பதிலே சொல்லாமல் என்னை முடக்கிவிட்டார்.

எழுதினால்தானே பிரச்சினை, நேரில் போவோம் என்று ஒரு வீட்டுக்குப் போனோம். தொட்டிலை வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நல்ல தொட்டில். நான் கம்புகளின் இடைவெளியை அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. ஜெனிற்றா என் முழங்கையில் இடித்தாள். நான் என்னுடைய நோர்வே மொழியில் முடிந்த அளவு பணிவாக, "உங்கள் பிள்ளையை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் காரைப் பார்த்தார். "எதற்கு?" என்றார். நான் விளக்கத் தொடங்கினேன். பதற்றம் வந்தால் எனக்கு வினைச்சொல் எல்லாம் ஓடிவிடும். "பிள்ளை... ஆரோக்கியம்... நாங்கள் பார்ப்பது... பிறகு எடுப்பது" என்று என்னவோ சொன்னேன். அவர் தொட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரோ இரண்டு அந்நியர்கள் வந்து என்னிடம் அப்படிக் கேட்டால் நான் கதவைச் சாத்துவதோடு நிற்கமாட்டேன். காருக்குள் வந்து "பொலிசைக் கூப்பிடேல்லை எண்டு சந்தோசப்படும்" என்றேன். ஜெனிற்றா சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். தொட்டில் கிடைக்காவிட்டால் இவள் பிள்ளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்துவிடுவாள், ஒரு நாளும் கீழே கிடத்தமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அன்று பின்னேரம் உட்கார்ந்து ஒரு நீண்ட செய்தி எழுதினேன். நாங்கள் எந்த ஊர், எங்கள் ஊரில் தொட்டில் எப்படி வரும், அதில் கிடந்த பிள்ளையைப் பார்க்க ஏன் விரும்புகிறோம் என்று எல்லாவற்றையும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதி, தொட்டில் விளம்பரம் போட்ட எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் ஓசே என்ற ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்தது.

"வாருங்கள். பிள்ளை நாலு மணிக்குப் பிறகு வீட்டில் நிற்கும்."

5

பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? போகிற வழியில் கடையில் நிறுத்தி ஒரு சின்னக் கரடிப் பொம்மை வாங்கினோம். ஜெனிற்றா அதற்குச் சிவப்பு நாடா கட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

துறைமுகத்துக்கு மேலே மரவீடு. ஓசேக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். தலை முழுக்க வெள்ளை, கையில் மா ஒட்டியிருந்தது. எங்களுக்காக வாஃபில் சுட்டுக்கொண்டிருந்தாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி "யான்!" என்று கூப்பிட்டாள்.

படியில் தடதடவென்று சத்தம். வந்தவர் வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைந்தார். இரண்டு மீற்றருக்குக் குறையாத உயரம். சிவப்புத் தாடி. வயது நாற்பத்தைந்தாவது இருக்கும். மீன்பிடிப் படகிலிருந்து நேராக வந்த மனிதர், காலில் இன்னும் தடித்த கம்பளிக் காலுறை.

"இதுதான் பிள்ளை" என்றாள் ஓசே.

ஜெனிற்றாவின் கையில் கரடிப் பொம்மை. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். என்ன செய்வது, கொண்டுவந்ததைக் கொடுக்காமல் விடமுடியாது. எழும்பிப்போய் இரண்டு கையாலும் நீட்டினாள். யான் அதை வாங்கி, சிவப்பு நாடாவைச் சரிசெய்து, "மிக்க நன்றி" என்று சொல்லி மார்போடு வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஜெனிற்றா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பென்றால், நிறுத்த முடியாமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. இந்த எட்டு மாதத்தில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. ஓசேயும் சிரித்தாள், யானும் சிரித்தார், ஏனென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

பிறகு விசாரணை தொடங்கியது. ஜெனிற்றா தமிழில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன்.

"சின்னனில அடிக்கடி காய்ச்சல் வந்ததோ எண்டு கேளுங்கோ."

"ஒருமுறை அம்மை வந்தது. மற்றப்படி இவன் சாப்பிட்டதைப் பார்த்து நாங்கள்தான் பயந்தோம்" என்றாள் ஓசே.

"வேற பிள்ளையளும் இதில கிடந்ததுகளோ?"

கிடந்தார்களாம். யானுக்குப் பிறகு இரண்டு தங்கைகள். பிறகு யானுடைய மகள்கள் இருவர். தொட்டிலைச் செய்தவர் ஓசேயின் கணவர். குளிருக்கு விறகு அடுக்குகிற பின்னறையில் அது நின்றது. எத்தனையோ தடவை வெள்ளை வர்ணம் பூசிய மரத்தொட்டில். ஒரு பக்கக் கம்பில் பால்பல்லின் தடம் வரிசையாக இருந்தது. யான் அதைத் தொட்டுக் காட்டி, "நான்தான்" என்றார். ஜெனிற்றா குனிந்து அந்தப் பல்லடையாளத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஓசே அவளுடைய வயிற்றைப் பார்த்து, "முதல் பிள்ளையா?" என்று கேட்டாள்.

"ஆமாம், முதல் பிள்ளை" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். இந்த எட்டு மாதமாக யார் கேட்டாலும் வாயில் ஆயத்தமாக வைத்திருக்கிற பதில். வேலையிடத்தில் மகப்பேற்று விடுப்புப் படிவத்திலும் "எத்தனையாவது பிள்ளை" என்ற இடத்தில் ஒன்று என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஜெனிற்றாவுக்கு அந்த அளவு நோர்வே மொழி தெரியும். நிமிர்ந்து ஓசேயைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்: "இல்லை. இரண்டாவது."

ஓசே மூத்தவர் எங்கே என்று கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. மா ஒட்டிய கையால் ஜெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொட்டிலை யான் தனியாளாகத் தோளில் தூக்கி, எங்கள் மூன்றாம் மாடிவரை ஏற்றித் தந்தார். நான் பின்னால் நாலு ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவர் கீழே இறங்கிப் போனதும் நாங்கள் ஜன்னலால் பார்த்தோம். அவருடைய வான் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு நாடாவோடு கரடி நின்றது.

"நல்ல பிள்ளை" என்றாள் ஜெனிற்றா.

6

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகக் கந்தோருக்குப் போய், அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் விடுப்புப் படிவத்தைத் திருத்தவேண்டும் என்றேன்.

"எதைத் திருத்த?"

"ஒன்று என்று எழுதியதை இரண்டு என்று."

அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் விடுப்பு ஒரே அளவுதான், திருத்தத் தேவையில்லை என்றாள். இருந்தாலும் திருத்துங்கள் என்றேன். திருத்தினால் எனக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது என்று இன்னொருமுறை பொறுமையாக விளக்கினாள். தெரியும், தயவுசெய்து திருத்துங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒரு விசையைத் தட்டினாள். ஒரே ஒரு விசை. மூன்று வருடமாக எனக்கு முடியாமல் இருந்தது அதுதான்.

7

தொட்டில் வந்தது. மெத்தைக்கு அடுத்த சண்டை.

மெத்தை புதிதாகத்தான் இருக்கவேண்டும் என்று மருத்துவிச்சியின் தாளில் கோடிட்டு இருந்தது. பழைய மெத்தை பிள்ளையின் மூச்சுக்கு நல்லதில்லையாம். அதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. புதிது வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் ஜெனிற்றாவும் தயாரில்லை. இரண்டு நாள் சண்டை இழுபட்டது. வழக்கை முடித்து வைத்தது றிஸானா.

றிஸானா என்னோடு வேலை செய்யும் நவ்பரின் மனைவி. சிலாவத்துறை ஆட்கள். இந்தப் பட்டினத்தில் மன்னார்க் கடலைத் தெரிந்த இன்னொரு வீடு அதுதான். அவர்களுக்கு ஐந்து மாதத்தில் ஹம்தான் என்று ஒரு குண்டு மகன். ஜெனிற்றா தொலைபேசியில் முறையிட, றிஸானா சிரித்தாள்.

"இதுக்கா அக்கா சண்டை? புது மெத்தையை வாங்குங்க. எங்கட ஹம்தானைக் கொண்டு வாறன். ஒரு தூக்கம் அதுல தூங்கி எழும்பட்டும். பொறகு அது எப்படிப் புதுசாகும்?"

ஜெனிற்றா யோசித்தாள். "ஓம், அது சரிதானே" என்றாள். நான் அந்த நிமிடமே சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வரவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. மெத்தையைத் தொட்டிலில் போட்டு, வங்காலையிலிருந்து மாமி அனுப்பியிருந்த விரிப்பை அதன்மேல் இழுத்துச் செருகினோம். விரிப்பென்றால் மாமா இடுப்பில் உடுத்துக் கழித்த பழைய சாரம். எழுபது வயதிலும் கடலுக்குப் போகிற மனிதருடைய சாரத்தைவிட நல்லது எந்தக் கடையில் இருக்கிறது என்பது மாமியின் கட்சி. துவைத்துத் துவைத்துப் பூப்போல இருந்தது. றிஸானா பிஸ்மி சொல்லி ஹம்தானைக் கிடத்தினாள். காற்றுப் படட்டும் என்று பம்பேர்ஸையும் கழற்றிவிட்டாள். அவன் கூரையைப் பார்த்து ஏதோ பேசினான். பிறகு ஒரு கையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.

நாங்கள் நாலு பேரும் தொட்டிலைச் சுற்றி நின்று, கோப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணிநேரம் தூங்கினான். கண்ணைத் திறந்தான், எங்களைப் பார்த்துச் சிரித்தான், அதே சிரிப்போடு ஒரு நீரூற்றை மேலே விட்டான்.

நான் துவாயைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். ஜெனிற்றா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கோ! நல்லா நனையட்டும்."

"மாஷா அல்லாஹ், முத்திரையும் குத்தியாச்சு" என்றார் நவ்பர்.

போகும்போது றிஸானா ஹம்தானுக்குச் சின்னதாகிப்போன தூங்குகிற துணிப்பைகள் இரண்டையும் தந்துவிட்டுப் போனாள்.

8

அவர்கள் போனபிறகு மெத்தை உறையையும் விரிப்பையும் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் போட்டோம். ஜெனிற்றா விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். துணிப்பையை மடித்து ஒரு பக்கம் வைத்தாள். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். இனி ஒரு குறையும் இல்லை, எல்லாம் வந்துவிட்டது என்று நான் கையைத் தட்டினேன்.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள்.

"என்ன? தாளில உள்ளதெல்லாம் வந்திட்டுதே."

"கீழ, ரயருக்குப் பின்னால இருக்கிறது."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் வருடமே தெரியுமாம். நான் வேலைக்குப் போன நாட்களில் இறங்கிப்போய், பெட்டியைத் திறந்து, கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, வைத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டு வருவாளாம்.

"ஜெனிற்றா, அது... நீர்தானே சொன்னனீர். நல்லா இருக்கிற பிள்ளையின்ர சாமான்தான் வேணும் எண்டு. அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் அலைஞ்சனாங்கள்."

அவள் தொட்டிலின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஊரார் வீட்டுப் பிள்ளையள் எல்லாற்ற சாமானும் வந்திட்டுது. எங்கட மூத்தவன்ரயை மட்டும் கீழ இருட்டுக்குள்ள வச்சிருக்கிறம். எந்த வீட்டிலயும் அண்ணன்ர சாமான் தங்கச்சிக்குத்தானே வரும்? போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரயர்களை இழுத்துத் தள்ளிப் பெட்டியைத் திறந்தேன். நீல மீன்கள் அப்படியே இருந்தன. இந்த முறை மறைத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேலே ஏறினேன். இரண்டாம் மாடியில் எதிரே வந்த கிழவர் என் கையில் இருப்பதைப் பார்த்து, "பிள்ளைக்கா?" என்று சிரித்தார். "ஆமாம்," என்றேன், "இரண்டு பேருக்கும்."

பிள்ளைக்கு மேலே போர்த்தக்கூடாது என்று மருத்துவிச்சியின் தாளில் இருக்கிறது. அதனால் ஜெனிற்றா அதை நாலாக மடித்து, தொட்டிலின் மேற்கம்பில், யானின் பல்லடையாளம் உள்ள பக்கமாகப் போட்டாள். அங்கே கிடந்தால் மகள் கண் திறக்கும்போது மீன்கள் தெரியும் என்றாள்.

மகள் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அண்ணனின் போர்வை அவளுக்காக அங்கே கிடக்கிறது. மூன்றாவது தடவையாக எழும்பிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.